செய்திமடல் ஸ்பேமில் விழாமல் இருக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

செய்திமடல் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு வருகிறார்கள். எந்தச் சேவையில் தொடங்கலாம், டெம்ப்ளேட் எப்படி இருக்க வேண்டும், எந்தக் கிழமை அனுப்பினால் நிறைய பேர் படிப்பார்கள். இந்த மூன்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அனுப்பும் மடல் இன்பாக்ஸில் போய் நிற்குமா, ஸ்பேமில் கிடந்து 30 நாளில் தானாக அழிந்துபோகுமா என்பதுதான் முதலில் தீர வேண்டிய விஷயம்.

நன்றாக எழுதுகிறவர்கள், நேர்மையாகத் தொழில் செய்யும் கடைக்காரர்கள், கைக்காசு போட்டுச் சிறுபத்திரிகை நடத்துபவர்கள் என எத்தனையோ பேரின் மடல்கள் யார் கண்ணிலும் படாமல் போகின்றன. பார்க்க வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் இது தவிர்க்கக்கூடியது. நூறு பேரில் தொடங்கிச் சில ஆயிரம் பேர் வரை போக நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கணினி அறிவு அதிகம் தேவையில்லை. பொறுமை தேவை.

ஜிமெயில் எதைப் பார்க்கிறது

மின்னஞ்சலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் எஸ்.எம்.டி.பி என்ற நெறிமுறை 1982-இல் வந்தது. அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். அன்றைக்கு ஒருவரையொருவர் தெரிந்த சிலரே அதைப் பயன்படுத்தியதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பிறகு குப்பை மெயில்கள் குவிந்தன. அதற்கு எதிராக வந்த ஒவ்வொரு தடுப்பும் மேலே ஒட்டவைத்த ஒட்டுதான். நாம் இன்று செய்யும் அமைப்பு வேலைகள் எல்லாம் அந்த ஒட்டுகள்.

ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் மூன்றும் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கின்றன. இந்த மடல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வந்ததா என்பது ஒன்று. அந்த டொமைன் இதுவரை எப்படி நடந்துகொண்டது என்பது இன்னொன்று. பான் கார்டு இருக்கிறது என்பதற்காக வங்கி கடன் தந்துவிடாது, சிபில் ஸ்கோரையும் பார்க்கும் இல்லையா, அதே கதைதான். முதல் வேலையை ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். இரண்டாவது, மடல் அனுப்பும் காலம் முழுக்கத் தொடரும்.

இந்த நற்பெயர் எங்கே எழுதப்படுகிறது? மடலை அனுப்பும் கணினியின் ஐ.பி முகவரிமீதும் (இணையத்தில் அந்தக் கணினிக்கு உள்ள எண்), உங்கள் டொமைன்மீதும். மெயில்சிம்ப், பிரெவோ, நம் ஊர் ஸோஹோவின் கேம்பெயின்ஸ் போன்ற சேவைகளில் சிறிய கணக்கு வைத்திருந்தால் ஐ.பி உங்களுடையதாக இருக்காது. பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐ.பி வழியாக அனுப்புவார்கள், அதைச் சுத்தமாக வைத்திருப்பது அந்தச் சேவையின் பொறுப்பு. டொமைன் உங்களுடையது மட்டுமே. நாளைக்கே சேவையை மாற்றினாலும் அதன் பெயர் கூடவே வரும், நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும். ஆகவே உங்கள் முழுக் கவனமும் டொமைன்மீது இருக்கட்டும்.

டொமைன்

ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டுச் செய்திமடல் சேவை வழியாக அனுப்பாதீர்கள். இதைத்தான் நிறைய பேர் முதலில் செய்கிறார்கள். தன் பெயரில் முடியும் முகவரிகளை வெளியே இருந்து யாரும் பயன்படுத்தினால் நிராகரித்துவிடுங்கள் என்று யாஹூ 2014 ஏப்ரலிலேயே உலகத்துக்கு அறிவித்துவிட்டது. ஜிமெயிலும் இப்போது தன் பெயரில் வெளியிலிருந்து வருவதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் சொச்சம் வரை செலவழித்தால் சொந்த டொமைன் கிடைக்கும். வாங்கிய அன்றே மடல் அனுப்பத் தொடங்க வேண்டாம். குப்பை அனுப்புகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பதால் புத்தம்புது டொமைன்மீது ஸ்பேமைப் பிரிக்கும் வடிகட்டிகளுக்கு நம்பிக்கை குறைவு. அதில் ஒரு பக்கமாவது வலைத்தளம் போடுங்கள், சாதாரணக் கடிதப் போக்குவரத்தைச் சில வாரம் நடத்துங்கள்.

ஏற்கெனவே கடைக்கோ பதிப்பகத்துக்கோ டொமைன் இருந்தால், செய்திமடலுக்கென்று அதன்கீழ் ஒரு துணை டொமைன் (அதே பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் புள்ளியும் சேர்த்தது) வைத்துக்கொள்வது நல்லது. மடலால் பெயர் கெட்டாலும் பில், ஆர்டர் விவரம் போன்ற அன்றாட மெயில்களுக்கு அடி கொஞ்சம் குறையும். முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம், தாய் டொமைனையும் அது ஓரளவு தொடும்.

பதில் போட முடியாத முகவரியிலிருந்து அனுப்பும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். வாசகர் பதில் எழுதினால் அதைப் படிக்க ஆள் இருக்க வேண்டும். வாசகர் போடும் பதில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சான்று.

சப்ஸ்டாக் போன்ற தளத்தில் எழுதினால் மடல் அவர்கள் டொமைனிலிருந்து போகும். அடுத்து வரும் டி.என்.எஸ் வேலை (டொமைனின் விவரங்களைப் பொதுவில் வைக்கும் பதிவேட்டில் எழுதுவது) அங்கே உங்களுக்கு இல்லை. பட்டியல் பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

மூன்று பதிவுகள்

டொமைன் வாங்கிய இடத்தில் டி.என்.எஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே மூன்று பதிவுகள் சேர்க்க வேண்டும். எழுத வேண்டிய வரிகளைச் செய்திமடல் சேவையே தந்துவிடும், நீங்கள் நகலெடுத்து ஒட்டினால் போதும். ஆனால் எது எதற்கு என்று தெரிந்து ஒட்டுங்கள்.

எஸ்.பி.எஃப் என்பது, என் டொமைன் பெயரில் மடல் அனுப்ப இன்னின்ன கணினிகளுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு இந்தப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். ஏற்கெனவே அலுவலக மெயிலுக்காக ஒன்று இருக்கும். செய்திமடல் சேவை சொன்னது என்று இன்னொன்றைப் புதுவரியாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போய்விடும். இருக்கும் வரிக்குள்ளேயே புதிய சேவையைச் சேர்த்து எழுத வேண்டும். அந்த ஒரே வரியில் பத்துக்கு மேல் டி.என்.எஸ் தேடல் வரக்கூடாது என்ற வரம்பும் உண்டு. பழைய சேவைகளின் பெயர்களை நீக்காமல் சேர்த்துக்கொண்டே போனவர்களுக்குத்தான் இது பிரச்சினை.

டீகிம் என்பது கையெழுத்து. ஒவ்வொரு மடலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கையெழுத்து இருக்கும். அதைச் சரிபார்க்கும் சாவி உங்கள் டி.என்.எஸ்ஸில் பொதுவில் இருக்கும். வழியில் யாராவது மடலைத் திருத்தினால் கையெழுத்து பொருந்தாது. சாவியின் நீளம் கேட்டால் 2048 பிட் என்று தேர்ந்தெடுங்கள்.

டீமார்க் இந்த இரண்டையும் வாசகர் கண்ணால் பார்க்கும் அனுப்புநர் முகவரியோடு இணைக்கிறது. எஸ்.பி.எஃப், டீகிம் இரண்டில் ஒன்றாவது தேறி, அது தேறிய டொமைனும் அனுப்புநர் முகவரியின் டொமைனும் ஒன்றாக இருந்தால்தான் டீமார்க் தேறும். தேறாத மடலை என்ன செய்யலாம் என்பதற்கு மூன்று நிலைகள் உண்டு: ஒன்றும் செய்யாதே, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு. முதல் நிலையில் தொடங்கி, அறிக்கைகள் வந்து சேர ஒரு முகவரியும் கொடுங்கள். உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மடல் போகிறது என்று சில வாரத்தில் அந்த அறிக்கைகளில் தெரிந்துவிடும். எல்லாம் உங்களுடையவைதான் என்று உறுதியான பிறகு அடுத்த நிலைக்குப் போகலாம். அவசரப்பட்டு மூன்றாம் நிலைக்குத் தாவினால் உங்கள் சொந்த பில்களே திரும்பி வரும்.

பதிவுகளைச் சேர்த்துச் சில மணி நேரம் கழித்து, உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு சோதனை மடல் அனுப்பிப் பாருங்கள். கணினியில் அதைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைச் சொடுக்கி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சிறிய அட்டவணை வரும். எஸ்.பி.எஃப், டீகிம், டீமார்க் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். இதோடு பலர் திருப்திப்பட்டுப் போய்விடுகிறார்கள். இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். டீகிம் வரியில் எந்த டொமைனின் கையெழுத்து என்று பெயர் போட்டிருக்கும். அது உங்கள் டொமைனாக இருக்க வேண்டும். சேவை நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் உங்கள் அமைப்பு பாதியில் நிற்கிறது என்று பொருள். பல சேவைகளில் திரும்பிவரும் மடல்களை வாங்கும் முகவரி அவர்களுடையது, அதனால் எஸ்.பி.எஃப் அவர்கள் டொமைனுக்குத்தான் தேறும். உங்கள் டீமார்க்கைக் காப்பாற்றுவது டீகிம் கையெழுத்து மட்டும்தான்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தானே என்று தோன்றலாம். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கிவிட்டன. தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மடல் அளவுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்று பதிவுகளும் கட்டாயம். ஒருமுறை அந்த அளவைத் தொட்டுவிட்டால் பிறகு குறைத்து அனுப்பினாலும் ஜிமெயில் கணக்கில் நீங்கள் பெரிய அனுப்புநர்தான். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் எஸ்.பி.எஃப், டீகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. எத்தனை பேருக்கு அனுப்பினாலும் மூன்றையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் லோகோ வரவைக்கும் பிமி என்ற ஏற்பாட்டைப் பற்றி யாராவது சொன்னால் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சான்றிதழுக்குப் பணம் ஆகும், தொடக்கத்தில் பெரிய பலன் இல்லை.

பட்டியல்: பெயர் கெடுவதும் நிலைப்பதும் இங்கேதான்

கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பதிவுகளையும் பிசகில்லாமல் போட்டுவிட்டு, விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு அனுப்பினால், இந்த டொமைன் குப்பை அனுப்புகிறது என்பதை நீங்களே கையெழுத்திட்டு உறுதி செய்ததாக ஆகும்.

விலைக்கு வாங்கிய பட்டியல் மட்டுமல்ல ஆபத்து. வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த முகவரிகள், விசிட்டிங் கார்டுகள், என்றோ ஒருமுறை ஆர்டர் விஷயமாக மெயில் போட்டவர்கள், கல்லூரி முன்னாள் மாணவர் பட்டியல் எல்லாம் இதே கணக்குதான். அவர்கள் உங்களைத் தெரிந்தவர்களாக இருக்கலாம். மடல் கேட்டவர்கள் அல்ல.

சரி, நேரில் கேட்டு வாங்கிய முகவரிகள்? ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் பல ஸ்டால்களில் ஒரு நோட்டைப் பார்க்கலாம். பெயர், போன், மெயில் என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். கூட்டத்தில் நின்றபடி, தோளில் பையோடு, ஆடும் பேனாவால் எழுதுவார்கள். வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்யும்போதுதான் தெரியும்: ஒன்று என்ற எண்ணா, ஆங்கிலத்தின் சின்ன ‘எல்’லா? நோட்டின் அச்சடித்த கோட்டுக்குள் ஒளிந்துகொண்ட அடிக்கோடா? புள்ளியா, பேனா பட்ட தடமா? ஜிமெயில் என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கும். ஊகித்து அடித்த முகவரிகளில் சில இல்லாத முகவரிகளாகத் திரும்பும், சில முன்பின் தெரியாத யாருக்கோ போகும். இன்னும் மோசமாக, எழுத்துப்பிழை டொமைன்களில் சில, குப்பை அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்டவை. அவற்றைப் பொறி முகவரிகள் என்கிறோம். இருந்தவர் கைவிட்டுப்போன பழைய முகவரிகளும் சில காலம் கழித்துப் பொறியாக மாற்றப்படுவது உண்டு. ஒரு பொறியில் மாட்டினால் அனுப்பியவரின் பட்டியல் சுத்தமில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நோட்டுக்குப் பதில் ஒரு க்யூஆர் குறியீட்டை அச்சடித்து ஒட்டுங்கள். வாசகர் தன் போனில் தானே முகவரியை உள்ளிடட்டும். நோட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால், அதில் உள்ள முகவரிகளை அன்றிரவே ஏற்றி, உறுதிப்படுத்தும் மடல் மட்டும் அனுப்புங்கள்.

உறுதிப்படுத்தும் மடல் என்றால்: ஒருவர் முகவரி கொடுத்ததும், ‘நீங்கள்தான் சேர்ந்தீர்களா, ஆம் என்றால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்’ என்று ஒரு மடல் போகும். அழுத்தியவர் மட்டுமே பட்டியலில் சேருவார். பெரும்பாலான சேவைகளில் இந்த வசதி உண்டு, பல இடங்களில் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். அழுத்தாமல் விடுபவர்களால் பட்டியல் சிறுத்துப்போகுமே என்று பயந்து இதை வேண்டாம் என்பவர்கள் உண்டு. என் கருத்து உறுதியானது, புதியவர்கள் இதைப் போட்டே ஆக வேண்டும். எழுத்துப்பிழை, பொறி முகவரி, அடுத்தவர் முகவரியை விளையாட்டாகப் போடுவது, தானியங்கி நிரல்கள் படிவத்தில் கொட்டும் முகவரிகள் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு பொத்தான் நிறுத்திவிடும். படிவத்தில் கேப்சாவும் (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) போடுங்கள்.

படிவத்தின் பக்கத்திலேயே என்ன வரும், எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று எழுதிவிடுங்கள். ‘மாதம் இருமுறை, புதிய நூல்கள் பற்றிய அறிமுகம்’ என்று சொல்லிவிட்டு வாரம் மூன்று தள்ளுபடி மடல் அனுப்பினால், கேட்டுச் சேர்ந்தவரே ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அவர் செய்வது நியாயம்தான்.

சட்டமும் இதையே சொல்கிறது. இந்தியாவில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே ஒப்புதல்தான். தமிழில் எழுதும் மடலுக்குக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாசகர்கள் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். கனடாவின் ஸ்பேம் எதிர்ப்புச் சட்டம் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. டொரொண்டோவில் இருப்பவருக்கு மதுரையிலிருந்து அனுப்பும் வணிக மடலுக்கும் அது பொருந்தும், நிறுவனங்களுக்கான உச்ச அபராதம் ஒரு கோடி கனடிய டாலர். யார், எந்த நாளில், எந்தப் படிவம் வழியாக ஒப்புதல் தந்தார் என்ற பதிவைச் சேவையிலிருந்து அவ்வப்போது இறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

முதல் சில மடல்கள்

நூறு, இருநூறு பேர்தான் என்றால் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சொன்ன நாளில் சொன்னபடி அனுப்பிக்கொண்டே இருங்கள். ஒழுங்கான இடைவெளி நற்பெயரை வளர்க்கும். மூன்று மாதம் மௌனம், திடீரென்று ஒரே வாரத்தில் நான்கு மடல் என்பது கெடுக்கும். மூன்று மாதத்தில் நீங்கள் யார் என்பதே பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

ஆனால் வேறு சேவையிலிருந்தோ வேறு டொமைனிலிருந்தோ பத்தாயிரம், இருபதாயிரம் பேரைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். அண்மையில் இணைப்பைச் சொடுக்கியவர்கள், பதில் போட்டவர்களில் சில நூறு பேரை எடுத்து அவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். பிரச்சினை இல்லையென்றால் அடுத்த தடவை இரட்டிப்பு. இப்படியே மூன்று நான்கு வாரத்தில் முழுப் பட்டியலுக்கு வரலாம். நடுவில் மடல்கள் தாமதமானாலோ தற்காலிகமாகத் திரும்பினாலோ ஒரு படி இறங்கி நில்லுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவருக்குப் போகும் வரவேற்பு மடலில் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த முகவரியைத் தொடர்புகளில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொடர்பில் உள்ளவரிடமிருந்து வருவது ஸ்பேமாகும் வாய்ப்பு குறைவு என்று கூகுளே சொல்கிறது. அப்புறம், பதில் எழுதத் தோன்றும்படி ஒரு எளிய கேள்வி. ‘கடைசியாக நீங்கள் படித்து முடித்த புத்தகம் எது?’ என்பது போல. வரும் பதில்களுக்கு நீங்களும் பதில் போடுங்கள். வடிகட்டிகளுக்காக மட்டும் சொல்லவில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்பது இதில்தான் தெரியவரும்.

விலகும் வழி

விலகுவது கஷ்டமாக இருந்தால் ஆள் குறையாது என்று யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கை இன்னும் உலவுகிறது. மடலின் அடியில் வெளிர்சாம்பல் நிறத்தில் எறும்பளவு எழுத்தில் இணைப்பு, சொடுக்கினால் உள்நுழைவுப் பக்கம், அப்புறம் ஏன் விலகுகிறீர்கள் என்று ஒரு படிவம். வாசகர் ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? ஸ்பேம் பொத்தான் மேலேயே இருக்கிறது, ஒரே அழுத்தம்.

அந்த அழுத்தத்தின் எடை என்ன என்று பாருங்கள். ஜிமெயில், யாஹூ விதிப்படி ஸ்பேம் புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது, 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது. ஆயிரம் பேர் இன்பாக்ஸுக்கு மடல் போனால், ஒருவர் அழுத்தினால் 0.1. மூன்று பேர் அழுத்தினால் எல்லையைத் தொட்டாயிற்று. யார் அழுத்தினார் என்று ஜிமெயில் சொல்லவும் சொல்லாது, ஆகவே அவரை மட்டும் தேடி நீக்கவும் முடியாது. யாஹூவும் அவுட்லுக்கும் புகார் விவரத்தைத் தருகின்றன, உங்கள் சேவை அதை வாங்கி அந்த முகவரிக்கு மேற்கொண்டு அனுப்பாமல் நிறுத்திவிடும்.

ஆகவே விலகும் இணைப்பை மடலின் மேற்பகுதியிலும் வையுங்கள், தெளிவான எழுத்தில். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று வருகிறதே, அது மடலின் தலைப்பகுதியில் மறைவாகச் செல்லும் இரண்டு வரிகளால் வருவது. ஒரே சொடுக்கில் விலகும் இந்த முறை பெரிய அனுப்புநர்களுக்கு இப்போது கட்டாயம், கோரிக்கையை இரண்டு நாளுக்குள் நிறைவேற்றவும் வேண்டும். பெயருள்ள சேவைகள் இதைத் தாமாகவே சேர்க்கின்றன. உங்கள் சேவை சேர்க்கிறதா என்று சோதனை மடலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று இங்கே தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மடலின் நிரல் ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதை வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு இணைப்பு மட்டும் காட்டும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் ‘க’ 3 பைட், ‘கி’ 6 பைட். நீண்ட கட்டுரையும் அலங்காரமான டெம்ப்ளேட்டும் சேர்ந்தால், ஆங்கில மடலுக்கு வராத இந்த வெட்டு தமிழ் மடலுக்குச் சீக்கிரம் வந்துவிடும். அடியில் இருந்த விலகல் இணைப்பு வெட்டுப்பட்ட பகுதியில் போய்விடும். விலக நினைத்தவருக்குக் கண்ணில் படுவது ஸ்பேம் பொத்தான் மட்டும். எளிமையான டெம்ப்ளேட் போதும். கட்டுரை மிக நீளமென்றால் பாதியை மடலிலும் மீதியைத் தளத்திலும் வையுங்கள்.

மடலுக்குள்

முழு மடலையும் ஒரே போஸ்டராக வடிவமைத்துப் படமாக ஒட்டி அனுப்பும் வழக்கம் நம்மிடம் அதிகம். அழகான எழுத்துரு வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் வடிகட்டிக்குப் படிக்க எதுவும் இருக்காது, படங்களை அணைத்து வைத்திருப்பவருக்கு வெற்றுக் கட்டம்தான் தெரியும், பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானுக்கும் ஒன்றும் கிடைக்காது. யூனிகோடு தமிழில் எழுத்தாகவே அனுப்புங்கள், படம் துணைக்கு இருக்கட்டும்.

இதழின் பி.டி.எஃப்பை இணைத்து அனுப்ப வேண்டாம். தளத்தில் ஏற்றி இணைப்புக் கொடுங்கள். அந்த இணைப்பைச் சுருக்கிகளால் சுருக்கவும் வேண்டாம். மோசடிக்காரர்களும் அதே சுருக்கிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் கெடுத்த பெயர் உங்கள் மடலில் ஒட்டும். அனுப்புநர் பெயரை அடிக்கடி மாற்றாதீர்கள். இதுவரை பேசாதவருக்குப் பதில் போடுவதுபோலத் தலைப்பின் முன்னால் ‘ரீ’ சேர்ப்பது ஏமாற்று வேலை. ஜிமெயிலின் விதிகளே அதை வெளிப்படையாகத் தடுக்கின்றன.

ஜிமெயிலில் ‘புரொமோஷன்ஸ்’ பகுதிக்குப் போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதுவும் இன்பாக்ஸ்தான்.

கவனிக்க வேண்டியவை

திறப்பு விகிதத்தை நம்பாதீர்கள். 2021 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ் 15-உடன் வந்த தனியுரிமை வசதியால், ஆப்பிள் மெயில் பயன்படுத்துபவர் மடலைப் பார்க்காவிட்டாலும் அது திறந்ததாகவே பதிவாகும். சொடுக்குகளும் பதில்களும்தான் நம்பத்தக்கவை.

கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம். டொமைன் உங்களுடையது என்று நிரூபித்துப் பதிந்துவிட்டால் ஸ்பேம் புகார் விகிதத்தை வரைபடமாகக் காட்டும். சிறிய பட்டியல் என்றால் பல நாள் காலியாகவே இருக்கும். அது பிழையல்ல, காட்டும் அளவுக்கு மடல் போகவில்லை என்று பொருள். இப்போதே பதிந்து வையுங்கள், வளரும்போது தேவைப்படும்.

திரும்பிவரும் மடல்களில் 550 5.1.1 என்று வந்தால் அப்படி ஒரு முகவரி இல்லை. சேவை அதைத் தானாகவே நீக்கும், நீங்கள் திரும்ப ஏற்றாதீர்கள். 4 என்ற எண்ணில் தொடங்கும் பதில்கள் தற்காலிகமானவை, சேவையே மறுபடி முயலும். அமேசானின் எஸ்.இ.எஸ் சேவையில் திரும்பும் விகிதம் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு கண்காணிப்புக்கு வரும், 10 சதவீதத்தில் அனுப்புவதையே நிறுத்தக்கூடும். மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்கள்.

ஆறு மாதமாக ஒரு சொடுக்கும் இல்லை, பதிலும் இல்லை என்பவர்களுக்கு ஒரு மடல் எழுதுங்கள்: ‘தொடர்ந்து வேண்டுமா? வேண்டுமென்றால் இதை அழுத்துங்கள்.’ இரண்டு வாரம் காத்திருந்து, அழுத்தாதவர்களை எடுத்துவிடுங்கள். பட்டியலில் எண்ணிக்கை குறைவது மனதுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் செய்யுங்கள். படிக்காதவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் படிப்பவர்களுக்கும் மடல் போகாமல் போய்விடும்.

பெயர் கெட்டுவிட்டால்

திடீரென்று சொடுக்குகள் பாதிக்குக் கீழே விழுந்தால், வழக்கமாகப் பதில் எழுதும் வாசகர்கள் ‘மடல் வரவில்லையே’ என்று கேட்டால், உடனே அனுப்புவதை நிறுத்துங்கள். இன்னொரு மடல் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். போடாதீர்கள். கடைசி இரண்டு மூன்று மடல்களுக்கு முன் என்ன மாறியது என்று தேடுங்கள். புதிதாக ஏற்றிய பட்டியலா, டி.என்.எஸ்ஸில் யாராவது கைவைத்தார்களா, படிவத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் ஆள் சேர்ந்தார்களா?

1998 முதல் இயங்கும் ஸ்பேம்ஹாஸ் போன்ற அமைப்புகளின் தடுப்புப் பட்டியலில் உங்கள் டொமைன் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். இருந்தால் முதலில் காரணத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு நீக்கச் சொல்லிக் கோரிக்கை கொடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்தால் எடுத்துத்தருகிறோம் என்று வருபவர்களை நம்ப வேண்டாம். புது டொமைன் வாங்கி அதே பட்டியலுக்கு அனுப்பலாம் என்று யோசனை சொல்பவர்களையும் கேட்காதீர்கள். காரணம் பட்டியலில் இருந்தால் புது டொமைனும் சீக்கிரமே அதே கதிக்கு வரும், அனுப்பியவர் ஓடி ஒளிகிறார் என்ற சந்தேகமும் சேரும்.

காரணம் சரியான பிறகு, கடந்த ஒரு மாதத்தில் சொடுக்கியவர்களுக்கு மட்டும் அனுப்பத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மடல் வரை அந்தச் சிறிய கூட்டம்தான். சொடுக்குகள் பழைய நிலைக்கு வந்தால், மூன்று மாதத்துக்குள் சொடுக்கியவர்களைச் சேருங்கள், பிறகு ஆறு மாதம். இதற்குச் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை ஆகலாம். ஆறு மாதத்துக்கும் முந்தியவர்களை இந்த முறை திரும்பச் சேர்க்க வேண்டாம். வேண்டியவர்கள் உங்கள் தளத்தில் உள்ள படிவம் வழியாகத் தாமாகவே சேர்ந்துகொள்ளட்டும்.